926 கிளாரினெட்: லண்டனில் நிறுத்தினார்கள், பரந்தனில் ஓடுகிறது

நல்ல தரமான கிளாரினெட் வேண்டும், புதுசு வாங்கக் காசு பத்தாது என்றால் லண்டனின் பூசி அன்ட் ஹோக்ஸ் கொம்பனி செய்த பழைய இம்பீரியல் 926 ஒன்றைத் தேடி வாங்கலாம். தயங்காமல் சொல்கிறேன். ஆனால் பெல்லில், அதாவது அடியில் விரியும் வாய்த் துண்டில், அடித்திருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கிளாரினெட்டில் எல்லாத் துண்டும் கழரும், கழருகிற எதையும் மாற்றி வைக்கலாம். அதிலும் லேசாக மாறுவது பெல்தான்.

நான் இலங்கையில், வன்னியின் பரந்தனில் இருக்கிறேன். திருவிழாக் காலத்தில் இசைக்குழுக்களோடும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவோடும் வாசிக்கிறேன். பின்னேரங்களில் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து பழகுகிறார்கள். வன்னிக்குள் கிளாரினெட் தேடுவது பெரிய சோலி. கடைக்குப் போனால் ஓர்கன் இருக்கும், கிற்றார் தொங்கும், கிளாரினெட் என்று கேட்டால் புல்லாங்குழலை எடுத்து நீட்டுவார்கள். மிச்சம் இரண்டு வழி. கொழும்புக்குப் போய்ப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது பிடிக்கலாம். என்னுடையது இரண்டாவது வழியில் வந்தது. லண்டன் ஹரோவில் இருக்கும் மச்சான், ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவரிடம் 240 பவுணுக்கு வாங்கி, ஊருக்கு வந்த மாமியின் கைப்பையில் கொடுத்துவிட்டார். கார்கோவில் போட வேண்டாம் என்று மன்றாடியிருந்தேன். வெயிலில் வேகும் கொள்கலனுக்குள் கிடந்து வந்தால் மரம் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பூசி அன்ட் ஹோக்ஸ் தொழிற்சாலை இருந்தது வடமேற்கு லண்டனின் எட்ஜ்வேரில். ஹரோவிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். மச்சான் அந்தப் பக்கம் எத்தனையோ வருடமாகப் போய்வருகிறார். அங்கே ஒரு காலத்தில் கிளாரினெட் கடைந்தார்கள் என்று பரந்தனில் இருந்து நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

பூசி, ஹோக்ஸ் என்று தனித்தனியாக இருந்த இரண்டு கொம்பனிகள் 1930இல் ஒன்றாகின. அவர்கள் செய்த கிளாரினெட்டுகளில் தராதரம் உண்டு. ரீஜன்ட், எட்ஜ்வேர், 2-20 எல்லாம் பழகுகிற பிள்ளைகளுக்கு. எம்பெரர் நடுத்தரம். உச்சியில் இரண்டு: இம்பீரியல் 926, சிம்பொனி 1010. ஜாக் பிரைமர், ஜெர்வாஸ் டி பேயர் போன்ற லண்டன் வித்துவான்கள் வாசித்தது 1010. அதற்கு இன்றைக்கும் இருக்கும் மவுசு அதனால்தான். 1981இல் பிரான்சின் புஃபே கிரம்போனையே இந்தக் கொம்பனி வாங்கிக்கொண்டது. அந்தப் பத்தாண்டுக்குள் லண்டனின் உயர்தரக் கிளாரினெட்டுகள் நின்றுபோயின. இப்போது உலகம் முழுக்கப் பெரும்பாலான ஆக்கள் பழகியிருப்பது புஃபேயின் ஆர்-13 மாதிரி வழிவந்த, குழலின் உள்துளை ஒடுங்கிய கிளாரினெட்டில். அகலத் துளைக் கிளாரினெட்டைக் கேட்பார் குறைவு. கேட்பார் குறைந்ததால் விலையும் இறங்கியது. எங்களுக்கு அது வசதி.

கொழும்பிலும் பழைய கிளாரினெட் என்று தேடினால் அதிகம் கண்ணில் படுவது இந்தப் பெயர்தான். கஷ்டம் என்னவென்றால், ரீஜன்டிலும் பூசி அன்ட் ஹோக்ஸ் என்றுதான் இருக்கும், 1010இலும் அப்படித்தான் இருக்கும். விற்கிறவர் இரண்டையும் "லண்டன் சாமான்" என்பார். அது பொய்யும் இல்லை. ஆனால் ஒன்று பாடசாலை அலுமாரிக்குச் செய்தது, மற்றது லண்டன் மேடைகளுக்குச் செய்தது.

ஒரு கடையில் எனக்கு 1010 என்று ஒன்றைக் காட்டினார்கள். மேல் துண்டு 1010 தான், சந்தேகமில்லை. இரண்டு துண்டையும் கழற்றி, பின்பக்கம் அடித்திருந்த தொடர் இலக்கத்தைப் பார்த்தேன். மேலே ஒரு இலக்கம், கீழே வேறொன்று. மரத்தின் நிறமும் ஒத்துப்போகவில்லை: மேல் துண்டு மண்ணிறக் கருப்பு, கீழ் துண்டு மெருகு பூசிய மாதிரி மினுங்கல் கருப்பு. கேட்டதற்கு, "அது ரிப்பேரில மாத்தினது அண்ணை, சத்தத்துக்கு ஒண்டும் இல்லை" என்றார் கடைக்காரர். சத்தத்துக்கு எல்லாமே உண்டு. உயர்தரக் கிளாரினெட்டில் இரண்டு துண்டின் துளையையும் ஒன்றோடொன்று பொருத்தித்தான் கடைவார்கள். இரண்டிலும் ஒரே இலக்கம் அடிப்பதும் அதனால்தான். இலக்கம் பொருந்தாவிட்டால், எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அதை உதிரிப்பாக விலைக்குத்தான் கேட்க வேண்டும். கடையின் பெயரை விட்டுவிடுகிறேன். இது ஒரு கடையின் வழக்கம் மட்டும் இல்லை.

துளையைப் பற்றிச் சொன்னேன். அதை அளக்கவும் வழி உண்டு. கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்தும் லேத் கடைகளில் வேர்னியர் அளவுகோல் இருக்கும். மேல் துண்டின் அடிவாயில், கீழ் துண்டுக்குள் நுழையும் அந்த முனையில், உள் அகலத்தை அளந்து பாருங்கள். 1010 என்றால் ஏறக்குறைய 15.2 மில்லிமீட்டர். 926 என்றால் 15 அளவில். ஆர்-13 வகை என்றால் 14.6, 14.7 என்று நிற்கும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் அந்த அரை மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. லேத் கடைக்காரர் என் கிளாரினெட்டை அளந்துவிட்டு, "இது என்ன ரொலரன்ஸ், வடிவாக் கடைஞ்சிருக்கிறாங்கள்" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்தத் தொழில்காரர் சொன்னது என்பதால் அந்தப் பாராட்டு எனக்குப் பெரிது.

இந்தத் துளையால்தான் 1010 வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார். அதன் மவுத்பீஸ், வாயில் வைத்து ஊதும் துண்டு, உள்ளே ஒரே அகலமாக, நேராகக் கடைந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் மவுத்பீஸ் உள்ளே சரிந்து ஒடுங்கும். அதை 1010இல் மாட்டினால் சுருதி சிதறும், மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றோடொன்று நிற்காது. வாத்தியம் பிழை என்று விற்றுவிடுகிறார்கள், பாவம். 926 அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. என்னுடையதோடு வந்த மவுத்பீஸின் நுனி சிதைந்திருந்தது. வான்டோரன் ஒன்றை மாட்டினேன், ஒத்துப்போனது. வன்னியில் இருந்துகொண்டு 1010 மவுத்பீஸ் தேடி அலைய முடியாது என்பதாலேயே பிள்ளைகளுக்கும் 926 ஐத்தான் சொல்கிறேன்.

அடுத்தது ஓர்கன் பரீட்சை. எந்தப் பழைய கிளாரினெட்டுக்கும் இது பொருந்தும், காசும் செலவில்லை. ஒரு விரலும் வைக்காமல் ஊதுங்கள். வாசிக்கிறவர் கணக்கில் அது மேலைத்தேயச் சுரம் ஜி. ஓர்கனில் எஃப் ஒலித்தால் கையில் இருப்பது பி-ஃபிளாட் கிளாரினெட், பெரும்பாலானோர் வாசிப்பது. ஈ ஒலித்தால் அது ஏ கிளாரினெட். மேலைத்தேய வாத்தியக்காரர்கள் பி-ஃபிளாட்டையும் ஏ-யையும் சோடியாக ஒரே பெட்டியில் வைத்திருப்பார்கள். சோடியைப் பிரித்து விற்கும்போது ஏ மட்டும் மலிவாக வெளியே வரும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, சில சென்ரிமீட்டர் நீளம் கூட, அவ்வளவுதான். ஊதினால் எஃப்-க்கும் எஃப்-ஷார்ப்-க்கும் நடுவில் எங்கேயோ தொங்குகிறதா? அது பழைய உச்ச சுருதிக் காலத்துச் சாமான். அப்போது இங்கிலாந்தில் ஏ சுரத்தை 452 ஹேர்ட்ஸ் அளவில் வைத்து வாசித்தார்கள், இப்போது 440. கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி கூட. உடம்பில் எச்.பி. (ஹை பிட்ச்) என்று அடித்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம். பரலை, மவுத்பீஸுக்குக் கீழே வரும் குட்டைத் துண்டை, எவ்வளவு வெளியே இழுத்தாலும் அது ஓர்கனோடு சேராது, ஒரு சுரம் சரிவந்தால் இன்னொரு சுரம் கவிழும். சுவரில் மாட்டி வைக்க வடிவாக இருக்கும்.

வளையங்களையும் பாருங்கள். இப்போது பெரும்பாலானோர் பழகும் போம் விரல் முறையில் விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம், 17 கீ, அதாவது விரலால் அழுத்தும் உலோக நெம்பு. இரண்டே வளையம், 13 கீ என்றால் அது பழைய அல்பர்ட் முறை. கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் விரல் வைப்பு வேறு. பழகுகிற பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் பாடப்புத்தகம் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம்.

மரமா பிளாஸ்ரிக்கா எபனைற்றா (கெட்டி ரப்பர்) என்று கேட்கிறார்கள். உயர்தரம் என்றால் பெரும்பாலும் ஆபிரிக்கக் கருங்காலி. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளரும் மரம். வெளியே சாயம் பூசியிருப்பார்கள், ஆகவே உள்ளே பாருங்கள். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் துளையின் சுவரில் நீளவாக்கில் மர இழை ஓடுவது தெரியும். எபனைற் என்றால் பெருவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கந்தக வாடை வரும். வெயிலில் கிடந்த எபனைற் பச்சை கலந்த மண்ணிறமாகிவிடும். அப்படி நிறம் மாறிய ஒன்றை "பழங்காலத்து அபூர்வ மரம்" என்று என்னிடமே விற்கப் பார்த்தார்கள்.

வெடிப்புத்தான் மரத்தின் பெரிய வியாதி. மேல் துண்டில், பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளைகளின் வழியாக நீளத்துக்கு ஓடும். காலை வெயில் சாய்வாக விழும்போது துண்டை மெதுவாக உருட்டிப் பாருங்கள். போன் ரோர்ச்சை நேராக அடித்தால் மயிரிழை வெடிப்பு மறைந்துவிடும், வெளிச்சம் சாய்வாகவே விழ வேண்டும். என்னுடையதிலும் ஒன்று இருக்கிறது. எப்போதோ ஊசி போட்டு இறுக்கி மூடியது. ஆசிரியை அதைப் படம் எடுத்து அனுப்பி, விலையையும் அதற்கேற்பத்தான் சொன்னார். கிட்டப் பார்த்தால் வெடிப்பின் இரு பக்கமும் குண்டூசித் தலை அளவில் கருப்புப் பொட்டுகள், உள்ளே உலோக ஊசிகள் குறுக்கே போகின்றன. ஒழுங்காக மூடிய வெடிப்பு எனக்குப் பயமில்லை. கறுப்பு மெழுகு பூசி மறைத்த வெடிப்புத்தான் பயம்.

சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் அந்தப் பொட்டுகளைத்தான் முதலில் பார்த்தேன். அசையவில்லை. ஆனால் மரம் சுருங்கி, துண்டுகளின் வாயைச் சுற்றியிருக்கும் உலோக வளையங்கள் கழன்று ஆடத் தொடங்கின. இந்தப் பக்கம் அது வழமை. மாரி பிறந்ததும் மரம் ஊதி, வளையம் தானாக இறுகியது, இப்போது துண்டுகளைக் கழற்றத்தான் பாடு. எண்ணெய் என்று வந்தால், துளைக்குள் துணியில் நனைத்து மெல்லிசாகத் தடவினால் போதும். நாதஸ்வரக்காரரைப் பார்த்து நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நாதஸ்வரத்தில் பேட், கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை, இல்லை. கிளாரினெட்டின் பேட்டில் எண்ணெய் ஊறினால் பிறகு மூடாது.

பேட் பிழை, ஸ்பிரிங் பிழை எல்லாம் விலை பேசும்போது சொல்ல வேண்டியவை, வாங்காமல் விடக் காரணம் இல்லை. உறிஞ்சிப் பார்க்கும் சோதனை தெரிந்திருக்கும்: மேல் துண்டின் துளைகளை விரலால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் உறிஞ்சுங்கள். சில விநாடி இழுத்துப் பிடித்து, விடும்போது "டப்" என்றால் நல்லது. உஸ்ஸென்று கசிந்தால் பேட் மாற்ற வேண்டும். மச்சான் புது பேட் கட்டு ஒன்றும் சேர்த்து அனுப்பியிருந்தார், நானே ஒட்டினேன். ஒட்டுவதற்கு அரக்கு வேண்டும். நகைவேலை செய்கிறவரிடம் கேட்டால் தருவார், ஆனால் அவர்களுடைய அரக்கில் செங்கல் தூள் கலந்திருக்கும், பேட் சீராக அமராது. தளபாடத்துக்குப் பொலிஷ் அடிக்கும் தச்சரிடம் கிடைக்கும் செதில் அரக்குத்தான் சரி. அதே நகைவேலைக்காரர் இன்னொரு விதத்தில் கைகொடுத்தார். வலது சின்னி விரலுக்கான கீ ஒன்று தண்டோடு விட்டிருந்தது. வெள்ளிப் பற்றாசு வைத்து அவர் பற்றவைத்த இடம் இப்போது தேடினாலும் தெரியாது. ஈயப் பற்றாசு வேண்டாம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள், அது நிற்காது. துண்டுகள் பொருந்தும் இடத்துக் கோர்க்குக்கு மோட்டார் கடை கஸ்கற் கோர்க்கைப் பாவித்துப் பார்த்த ஒருவரைத் தெரியும். ரப்பர் கலந்தது, துண்டு உள்ளே வழுக்காது. இயற்கைக் கோர்க்கை வெளியில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும்.

சரி, வாசிக்க எப்படி? கீழ் ஸ்தாயி அகன்று, உருண்டு வருகிறது. என்னிடம் முதல் இருந்த பிளாஸ்ரிக் கிளாரினெட்டோடு ஒப்பிடவே கூடாது. எனக்குப் பெரிய விஷயம், சுரம் வளைகிறது. உதட்டை விட்டுக்கொடுத்தால் காம்போதியின் இறக்கம் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒடுங்கிய துளையில் அதே இடத்தில் படி படியாக இறங்குவது போல் இருக்கும். ஏ. கே. சி. நடராஜன் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வளைவு இல்லாவிட்டால் கிளாரினெட் என்று தோன்றாது. திருவிழாவில் நாதஸ்வரத்தோடு நின்று வாசிக்கும்போது சத்தமும் போதும். குறையும் உண்டு. நடுவில் வரும் பி-ஃபிளாட் மூக்கடைத்தது போல் மங்கல். பெரும்பாலான கிளாரினெட்டுகளுக்கு உள்ள வருத்தம்தான், இதில் கொஞ்சம் கூட. கீகளின் வெள்ளிப் பூச்சு விரல் படும் இடங்களில் தேய்ந்து உள்ளே மஞ்சள் தட்டுகிறது. எனக்கு அது பொருட்டில்லை.

வெக்கைதான் பொருட்டு. இங்கிலாந்துக் குளிருக்கு 440இல் நிற்கும்படி செய்த சாமான், பரந்தனில் மத்தியானத் தேருக்கு வாசித்தால் ஏறிக்கொண்டே போகும். ஓர்கன் ஏறாது. பரலை இழுத்து வைக்கலாம், இழுத்தால் நடுச் சுரங்கள் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கும். நீளமான பரல் ஒன்று உதவும், அதுவும் பூசி அன்ட் ஹோக்ஸின் பரல். புஃபே பரலின் துளை இதற்கு ஒடுக்கம்.

நின்றுபோன மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். செல்மரின் சென்ரர்ட் ரோன், சீரிஸ் 9, சீரிஸ் 10 எல்லாம் நல்ல சாமான், கிடைத்தால் விடாதீர்கள். லெப்லாங்கை 2004இல் கொன்-செல்மர் வாங்கியது, அதன் பழைய பாரிஸ் கிளாரினெட்டுகளும் நம்பி வாங்கக்கூடியவை. ஆனால் வீட்டோ என்று அடித்தது அவர்களுடைய மாணவர் சாமான், அதை லெப்லாங் விலைக்கு வாங்காதீர்கள். எவெற் என்றால் புஃபேயின் மலிவு வரிசை. யமஹாவின் பழைய வைசிஎல்-72, 82 இரண்டும் கண்ணில் பட்டால் யோசிக்காமல் கேளுங்கள்.

பழகத் தொடங்கும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். பாடசாலை அலுமாரியில் பூட்டிக் கிடக்கப்போகும் வாத்தியத்துக்கும் மரம் வேண்டாம். பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருந்து அன்போடு அனுப்பிய மரக் கிளாரினெட்டுகள் துடைக்க ஆளில்லாமல் வெடித்ததையும், பேட்டைப் பூச்சி அரித்ததையும் பார்த்திருக்கிறேன். அங்கே யமஹா பிளாஸ்ரிக் கிளாரினெட், வைசிஎல்-250 அல்லது 255, போதும். புழுதியும் வெயிலும் அதை ஒன்றும் செய்யாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொல்கிறவர்கள் காசு கட்டுவதற்கு முன் படங்கள் கேளுங்கள்: இரண்டு துண்டின் இலக்கமும் ஒரே படத்தில், மேல் துண்டின் பக்கவாட்டு, துளைக்குள் வெளிச்சம் பட்ட படம், மவுத்பீஸின் அடிவாய். பெல்லின் படத்தை விற்கிறவரே கேளாமல் அனுப்புவார். வெடிப்பில்லாத, இலக்கம் பொருந்திய 926க்கு 300 பவுண் வரை கொடுப்பேன், அதற்கு மேல் இல்லை. 1010 என்றால் அதன் சொந்த மவுத்பீஸ் கூட வராவிட்டால், சொல்லும் விலையில் பாதிக்கும் கீழே நின்று பேசுங்கள்.